கமலவேணி சொல்லாத பெயர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் கலியாணசுந்தரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவர் மகள் சீதாவுக்குக் காதுக்குக் கீழே கட்டி, சீழ் பிடித்துவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டு அறுக்க வேண்டும் என்றாராம் டாக்டர். ஊசியே வேண்டாம் என்று மகளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"துவான் சுடா பெசான், சாயா இங்காட்," என்றார். நீங்கள் சொன்னதை மறக்கவில்லை என்கிறார்.

நான் சொன்னது பொய். அதனால் எழுதுகிறேன்.

2

'மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. ஊரெல்லாம் கொடி...'

(வேண்டாம். கொடிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. தள்ளிப்போடப் பார்க்கிறேன்.)

1957 ஆகஸ்ட். காஜா பேராங் பகுதிச் செட்டிக் குடும்பத்துக் கமலவேணி, கலியாணசுந்தரத்தின் மனைவி. மூளையில் ஒரு ரத்தக்குழாய் குமிழாக வீங்கி, ஒரு தடவை கசிந்தும் இருந்தது. மறுபடி வெடித்தால் பிழைக்கமாட்டாள். மண்டையைத் திறக்காமல், கழுத்தில் இரண்டு அங்குலம் கீறி, இடப்பக்கக் குழாயைக் கிடுக்கியால் சிறுகச் சிறுக நெருக்குவது என்று சிங்கப்பூரிலிருந்து வந்த சர்ஜன் முடிவு செய்தார். மயக்கம் கொடுக்கவில்லை. கழுத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசி. அதுதான் பாதுகாப்பு என்றார். முழித்திருப்பவள் பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு நின்றால் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று தெரிந்துவிடும், உடனே தளர்த்திவிடலாம்.

அவளைப் பேசவைக்க ஆள் வேண்டும். சர்ஜனுக்கு மலாய் தெரியாது. மலாய் நர்ஸ் ஒருத்தி வருவதாகச் சொன்னாள். "தா பாயா மிஸ்ஸி, ஓராங் கீத்தா," என்று அனுப்பிவிட்டேன். நம்ம ஆள்தான், நீ வேண்டாம் என்று. ஆஸ்பத்திரி டிரெஸர் சேதுராமனுக்கு, அதாவது எனக்கு, அன்று அவ்வளவு பெருமை. (அந்தச் செட்டிகளுக்குப் பெயர் தமிழ், நெற்றியில் குங்குமம். தலைமுறைகளாக வீட்டில் பேசுவது மலாய். எனக்குக் குங்குமம் போதுமாக இருந்தது.)

3

(இதை ஆறு தடவை கிழித்தேன்.)

என்ன சமைப்பாய், பிள்ளை எத்தனை என்று மலாயில் கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தாள். புருஷன் பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை. என்னையே பார்த்தாள்.

"ஏன் பேசவில்லை?" என்றார் சர்ஜன்.

"எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள், சார்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் இன்னொரு சுற்று திருகினார். அவளுடைய வலது கை மேசையிலிருந்து நழுவியது. அவசரமாகத் தளர்த்தினார்கள். உயிர் தங்கியது. பேச்சும் அந்தக் கையும் திரும்பவில்லை.

வாசகரே, இங்கே நிறுத்தினால் வழக்கம் செய்த பிழை என்று என்னை மன்னித்துவிடுவீர்கள். ஆனால் முந்தைய நாள் வார்டில்

(முடியவில்லை. மறுபடி.)

முந்தைய நாள் வார்டில் கார்டு நிரப்பும்போது இதே கேள்விக்கு, "கலியாணசுந்தரம்" என்று கூச்சமில்லாமல் சொன்னாள். என் கையால் எழுதினேன். ஆபரேஷன் தியேட்டரில் அட்டெண்டன்ட் தேவதாஸ் அதை என் காதருகே சொல்லவும் சொன்னார்.

"தம்பி, நேத்து அந்தம்மா பேரச் சொன்னாங்கல்ல?"

"நீங்க சும்மா இருங்கண்ணே."

அதற்குப் பிறகுதான் அந்தச் சுற்று.

4

முடிவுகள்.

அ) அன்றே கலியாணசுந்தரத்திடம் உண்மையைச் சொல்கிறேன். (நடக்கவில்லை. "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, இனி யாருக்கும் போடவிடாதீர்கள்" என்றேன். அவர் அழுதுகொண்டே நன்றி சொன்னார்.)

ஆ) நேற்றுக் கடைத்தெருவில் சொல்கிறேன். (வாய் வரைக்கும் வந்தது. "சீதாவுக்கு ஒத்தடம் கொடுங்கள்" என்றேன்.)

இ) இந்தக் கதையைப் படித்து அவரே தெரிந்துகொள்கிறார். (அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தமிழில் எழுத உட்கார்ந்தபோதே அது எனக்குத் தெரியும்.)

உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அதனால் கேட்கிறேன். கட்டி நாளுக்கு நாள் பெரிதாகிறது. காஜா பேராங்கில் செட்டி வீடுகள் எவை என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அவர் உட்காரச் சொல்வார். கமலவேணி இடது கையால் காப்பி கொண்டுவந்து வைப்பாள். அந்த ஊசி நல்ல ஊசிதான் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, அப்படியானால் யாரால் இப்படி ஆனது என்று அவர் கேட்பார்.

அந்தப் பெயரையாவது சொல்லிவிடுங்கள்.