மூலை வெட்டிய சீலை

நான் மூலை வெட்டிய உடுப்புகளில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போன காலத்தில் என்னிடம் இருந்த சட்டைகளில் பாதி, சிவக்கொழுந்து மாமியின் மகள்மார் போட்டுக் கழித்தவை. மாமி யாருக்கு எதைக் கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன் அதன் மூலையில் கத்தரிக்கோலை வைத்துச் சின்னதாய் ஒரு முக்கோணம் வெட்டி எடுத்துவிடுவார். உடுப்போடு சேர்ந்து வீட்டு லட்சுமியும் போய்விடக் கூடாதாம். வெட்டிய துண்டுகள் சாமி அறையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். மாமியிடம் ஒரு சீலையாவது வாங்கிக் கட்டாத குடும்பம் எங்கள் சொந்தத்தில் இல்லை, ஆகவே அந்த வெட்டு எல்லாருக்கும் பழக்கம். வகுப்பில் ஒருத்தி என் சட்டை விளிம்பைப் பார்த்து, எலி கடித்ததா என்று கேட்டாள். ஓம், நல்ல கொழுத்த எலி என்றேன்.

மாமி என் அம்மாவின் அண்ணன் நமசிவாயம் மாமாவின் மனைவி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவர்களுக்கு மாடி வீடு. மேலே அவர்கள் இருந்தார்கள். கீழே ஒழுங்கையைப் பார்த்த முன்னறையை மாமா எனக்கு வாடகை இல்லாமல் தந்திருந்தார். என் தையல் மெசினும் பிழைப்பும் அந்த அறைக்குள்தான் இருந்தன.

பழசைப் பிரித்துப் புதுசாக்குவது என் தொழில். கம்பி உடைந்த குடைத் துணியில் பிள்ளைகளுக்கு மழைக்கோட் தைத்தேன். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருபவர்கள் சில்லு உடைந்த சூட்கேசுகளை விட்டுவிட்டுப் போவார்கள். வெள்ளவத்தையில் கட்டிலுக்குக் கீழே அப்படி ஒன்று கிடக்காத வீடு அபூர்வம். அவற்றின் சிப்பும் உள்துணியும் என் தோள்பைகளுக்கு ஆகின. குளியலறைத் திரையின் வளையம் பெல்ட் கொளுவியானது, தண்ணீர்க் குழாயின் பழைய வாஷர் பொத்தானானது. அலுமாரியைத் திறந்தால் துணி தலையில் விழுகிற ஊரில் இன்னொரு புதுத் துணி எதற்கு என்பது என் கொள்கை. அம்மா அதைப் பிடிவாதம் என்பார். மாமி கந்தல் கடை என்பார்.

எங்கள் ஆட்கள் பழைய உடுப்புக் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. கொடுத்த உடுப்பு தூரத்துக்குப் போக வேண்டும். வன்னிக்குப் போகலாம், தேயிலைத் தோட்டத்துக்குப் போகலாம், வெள்ளம் வந்த இடத்துக்கு லொறியில் போகலாம். போனவுடன் கொடுத்தவர் மனம் குளிர்ந்துவிடும். அதே உடுப்பு அழகாகி, வெள்ளவத்தைக் கடைத்தெருவான காலி வீதியிலேயே நிமிர்ந்து நடந்து வந்தால் மட்டும் நெஞ்சு பதறும். இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். மதிக்கத்தான் தெரியவில்லை.

ஒருநாள் மாமி வீட்டில் வேலை செய்யும் பிலோமினாக்கா ஒரு பையைக் கீழே கொண்டுவந்து தந்தார். உள்ளே கிளிப்பச்சைப் பட்டுச் சீலை, அரக்குக் கரை, தலைப்பில் அன்னங்கள். மூத்த மகளின் கலியாணத்துக்கு மாமி கட்டிய சீலை. நான் மேலே பார்த்தேன். பல்கனியில் நின்று மாமி சொன்னார்:

"உது மடிப்பில எல்லாம் வெடிச்சுப் போச்சு. தலகணி உறை கிறை தைச்சு வெள்ளைக்காரருக்கு வில்."

நான் தலையணை உறை தைக்கவில்லை. வெடித்த இடங்களுக்கு அடியில் பழைய சாரத் துணியை வைத்துத் தைத்து, முழங்கால் வரைக்கும் வருகிற ஒரு கோட் செய்தேன். மூலை வெட்டை மறைக்கவும் இல்லை. அதை முன் விளிம்பில் வரும்படி வைத்து, சுற்றிச் சிவப்பு நூல் ஓட்டினேன். நான் தைத்தவற்றிலேயே அதுதான் நல்லது. அதை வைத்துக்கொள்ள எனக்கே ஆசை வந்தது, ஆனால் எதிரே இருக்கும் வங்கியில் வேலை செய்யும் ஷஸ்னா வந்து ஒருமுறை போட்டுப் பார்த்தாள், பிறகு கழற்றவே இல்லை.

ஷஸ்னா அதைப் போட்டுக்கொண்டு தன்னோடு வேலை செய்யும் பெண்ணின் கலியாண வரவேற்புக்குப் போனாள். மாமி அந்தப் பெண்ணின் தகப்பன் பக்கத்துச் சொந்தம். மண்டபத்தில் மாமியும் இருந்தார், மாமியின் சீலையை மாமியின் வீட்டுச் சுவரில் பெரிய படமாகப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட சொந்தக்காரர் எல்லாரும் இருந்தார்கள்.

யாரும் மாமி சீலையைக் கொடுத்தார் என்று நினைக்கவில்லை. மாமி சீலையை விற்றுவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். விலைவாசி ஏறின காலத்தில் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் புத்தி போகும். நமசிவாயம் வீட்டில் கஷ்டமாம், பட்டுச் சீலையெல்லாம் விற்கினமாம் என்று இரண்டே நாளில் கதை டொரொன்டோவுக்குப் போய்த் திரும்பி வந்தது. மகள் அங்கிருந்து போனில் அழுதாள். பம்பலப்பிட்டியில் இருந்து ஒருவர் பத்துக் கிலோ கீரிச் சம்பா அரிசியை ஓட்டோவில் அனுப்பினார். மாமி அந்த மூட்டையைப் பார்த்தபோது நானும் நின்றேன். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அடுத்து மாமி செய்ததில் சிரிக்க எதுவும் இல்லை. அந்தச் சீலை களவு போனது என்று எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னார். பிலோமினா அலுமாரியில் இருந்து எடுத்து விற்றுவிட்டாள் என்றார். அன்றே பிலோமினாக்காவை வீட்டை விட்டு அனுப்பினார்.

நான் படியேறிப் போய்க் கத்தினேன். மாமி பாக்குச் சீவுகிற நிதானத்தில் இருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை மாமாவின்ர பிறந்தநாளுக்கு எல்லாரும் சாப்பிட வருவினம். சீலையைப் பிலோமினாதான் கொண்டுவந்து தந்தவ எண்டு நீ ஒரு சொல்லுச் சொன்னால் காணும். பொய் சொல்லச் சொல்லேல்ல. அவள்தானே கொண்டுவந்து தந்தவள்?"

"குடுத்துவிட்டது நீங்களெல்லோ மாமி."

"அதை ஆர் கேட்டது? உனக்கு அறை வேணுமோ வேண்டாமோ?"

மாமா பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார். பத்திரிகை அசையவே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பிலோமினாக்காவின் வீடு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில். அவர் என்னைக் கண்டு எழும்பவில்லை. இன்னொரு வீட்டில் வேலைக்கு வரச் சொன்னவர்கள் கேற்றுக்கு வெளியே நிற்பாட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கதை அவருக்கு முன்னரே அங்கே போயிருக்கிறது.

"எனக்கு அந்த வேலை வேணாம் தங்கச்சி," என்றார். "அவங்க நகையெல்லாம் என் கையாலதான் தொடச்சு வைப்பேன். ஒரு தோட்டுச் சுரை காணாமப் போனதில்ல. கள்ளின்னு சொன்ன அந்த வாயே இல்லன்னு சொல்லட்டும். அது போதும்."

அந்தச் சீலையைத் தொட்டுத் தைத்தவள் நான், விற்றவள் நான், பேர் கெட்டது அவருக்கு. ஞாயிறு வெள்ளவத்தைக்கு வாருங்கள் என்றேன். மாமியின் படியை இனி மிதிக்க மாட்டேன் என்றார். படியேற வேண்டாம், கீழே என் அறையில் இருந்தால் போதும் என்று சொல்லி ஒருவாறு சம்மதிக்க வைத்தேன்.

பிறகு ஷஸ்னாவிடம் போய் ஒரு நாளைக்குக் கோட்டைத் தர முடியுமா என்று கேட்டு, நடந்ததைச் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"அது நான் சல்லி குடுத்து வாங்கின. ஏன் தரோணும்? நானே உடுத்திட்டு வாறன். சாப்பாடு ஈக்குமா?"

"சைவச் சாப்பாடு."

"அப்ப இன்னம் நல்லம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மேலே போனபோது கத்தரிக்காய்ப் பால்கறி மணம் படி வரைக்கும் வந்தது. வத்தளையில் இருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். இன்னும் நாலைந்து குடும்பம். சுவரில் படத்துக்குள் மாமி கிளிப்பச்சைச் சீலையில் நின்றார். அதற்கு நேர் கீழே ஷஸ்னா கிளிப்பச்சைக் கோட்டில் நின்றாள்.

"இவ ஆர்?" என்று மாமி கேட்டார்.

"ஷஸ்னா. கோட்டின்ர சொந்தக்காரி."

வீட்டுக்கு வந்த பிறத்தியாளைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்க மாமியால் முடியாது. அது ஒன்றுக்காக நான் மாமியை இன்றைக்கும் மதிக்கிறேன். கதிரை இழுத்துப் போட்டார், அப்பளத்தை நகர்த்தி வைத்தார். ஷஸ்னா நன்றாகச் சாப்பிட்டாள். வாழைக்காய்ப் பொரியலை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினாள். பாயாசம் வந்ததும் மாமி தொண்டையைச் செருமினார்.

"மிதுனா, எல்லாரும் இருக்கினம். அந்தச் சீலையை உனக்கு ஆர் கொண்டுவந்து தந்தது? சொல்லு."

"பிலோமினாக்காதான் கொண்டுவந்து தந்தவ."

மாமி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பயமும் போய்விட்டது.

"ஆர் குடுத்துவிட்டது எண்டு கோட்டைக் கேளுங்கோ மாமி," என்றேன்.

ஷஸ்னா எழுந்து நின்று முன் விளிம்பைத் தூக்கிப் பிடித்தாள். சிவப்பு நூலுக்கு நடுவில் முக்கோணமாய் அந்த வெட்டு. யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மேசையில் இருந்த அத்தனை பேரும் அதே வெட்டை உடுத்துப் பழகியவர்கள். வத்தளைச் சித்தி அன்றைக்குக் கட்டியிருந்ததும் மாமியின் பழைய சீலைதான். அவர் கை மெதுவாகத் தன் தலைப்பைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டது.

"களவெடுக்கிறவள் மூலையை வெட்டி உங்கட சாமி அறை டின்னுக்குள்ள போட்டிட்டோ கொண்டுபோவாள்?" என்று கேட்டேன். "டின்னை எடுங்கோ. பச்சைத் துண்டு அதுக்குள்ள இல்லையெண்டால் நான் இப்பவே மன்னிப்புக் கேக்கிறன்."

மாமி டின்னை எடுக்கப் போகவில்லை. சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்தார். அவர் எதையும் ஆறுதலாக யோசிக்கிற மனுசர்.

"அப்ப களவு இல்லை," என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்தார். முகத்தில் உண்மையான கவலை வந்தது. "அப்ப உண்மையாவே வித்ததோ, கொழுந்து? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நாங்கள் ஏதும் பாத்திருப்பமே."

மாமி எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"விக்கிறதோ? இந்த வீட்டில சீலை விக்கிற நிலை வந்ததோ? நான் குடுத்தனான்! என்ர கையால மூலை வெட்டி, நான்தான் பிலோமினாவிட்டக் குடுத்துவிட்டனான்! அவள் ஒண்டும் எடுக்கேல்ல! விளங்குதோ எல்லாருக்கும்?"

ஒழுங்கையில் போன மீன்காரன் சைக்கிளை நிறுத்தி மேலே பார்த்தான். ரயில் போனால்கூட மாமியின் குரலை மூட முடியாது. என் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் குரலைக் கேட்டு எனக்குச் சந்தோசம் வந்தது.

மாமி விழுந்த கதிரையை நிமிர்த்தினார். என் பக்கம் திரும்பியபோது குரல் தணிந்திருந்தது.

"விடிஞ்சதும் உன்ர கந்தலெல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போ."

"கொழுந்து," என்றார் மாமா. மாமி பார்த்தார். மாமா பாயாசத்தைக் குனிந்து பார்த்தார். அந்த மனுசனில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அறையைத் தந்தவர் அன்றைக்கு ஒரு சொல்லையும் தந்திருக்கலாம்.

நானும் ஷஸ்னாவும் கீழே இறங்கி வந்தோம். பிலோமினாக்கா மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"கேட்டுச்சு தங்கச்சி," என்றார். "தெருவுக்கே கேட்டுச்சு." அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு முன்னறை சின்னதுதான். ஆனா இந்த மெசினப் போடலாம். வாடகை குடுக்கணும் சரியா? சும்மா இருந்தாத்தான் பெறகு பேச்சு வரும்," என்றார். சரி என்றேன். வாடகை கொடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் லொறி வந்தது. மெசின், துணி மூட்டைகள், சூட்கேசுகள், குடைக் கம்பிகள் எல்லாம் ஏறின. அறையில் மாமியின் பொருள் ஒன்றுதான் மிச்சம். யன்னலில் தொங்கிய திரைச்சீலை. மேல் வீட்டு யன்னலுக்குப் பழசாகிப்போனதென்று எனக்குத் தந்தது. அதன் கீழ்மூலை ஒன்றை மாமி வழக்கம்போல வெட்டி எடுத்திருந்தார்.

இரவே கழற்றிக் கழுவிக் காயவைத்திருந்த திரையை மடித்து, அறைக் கதவின் திறப்பையும் அதன் மேல் வைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். மாமி கதவைப் பாதி திறந்தார். திறப்பை எடுத்தார். திரையை விரித்துப் பார்த்தார். எதையும் விரித்துப் பார்க்காமல் வாங்குகிறவர் அல்ல அவர்.

"இதென்ன," என்றார், "மற்ற மூலையையும் காணேல்ல?"

"நான் வெட்டி எடுத்திட்டன் மாமி," என்றேன். "உங்கட வீட்டை உங்களுக்குத் திருப்பிக் குடுக்கிறன். என்ர லட்சுமி என்னோட வரட்டும்."

கீழே லொறிக்காரர் ஹோன் அடித்தார். பிலோமினாக்கா முன் சீட்டில் ஏறி எனக்கு இடம் விட்டு இருந்தார்.