காட்டுப்பன்றி மேட்டில் என் கைகள்

போன வருடம் என் தங்கை ராட்காவின் முதுகில் நான் கை வைத்தது மொத்தம் நான்கு விநாடி. தொலைக்காட்சியில் அதை மூன்று தடவை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். சர்வதேச மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவரை வெளியாள் தொடக்கூடாது. தொட்டவனுக்கு ஒன்றும் ஆகாது, ஓட்டுகிறவரின் பெயரை அடித்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் பந்தயப் பாதையிலேயே செங்குத்தான காட்டுப்பன்றி மேட்டில் சக்கரம் நகராமல் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தவித்ததைப் பார்த்ததும் என் கை என்னைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. எங்கள் ஊரில் சேற்றில் ஒரு வண்டி சிக்கினால் போகிறவன் வருகிறவன் எல்லாம் தோள்கொடுப்பான். உள்ளே இருப்பவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் முதலில் தள்ளிவிட்டு அப்புறம்தான் திட்டுவான். பிறந்ததிலிருந்து தள்ளிப் பழகிய கை.

அதற்குப் பிறகு எங்கள் ஊரான ஹவ்ரானோவில் ஓட்டகார் என்ற என் பெயரே போய்விட்டது. விளாஸ்டாவின் மதுக்கடைக்குள் நுழைந்தால் போதும், "தள்ளுவண்டி வந்துட்டான்டா!" என்று எவனாவது கத்துவான். விளாஸ்டா பீர் ஊற்றிக்கொண்டே, "கையை மேஜை மேல வைடா, என் கண்ணுல படுற மாதிரி" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கையை மேஜை மேல் வைப்பேன். ராட்காவே போகிற இடமெல்லாம், "எங்க அண்ணன் மட்டும் சும்மா இருந்திருந்தா நான் முடிச்சிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிப்பது என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். இந்தப் பந்தயத்தில் மொத்தம் ஆறு சுற்று. முதலில் போகிறவளைவிட ரொம்பவும் பின்தங்கிவிட்டால், சுற்று முடியும் இடத்தில் நடுவர் கொடியைக் காட்டி வெளியே அனுப்பிவிடுவார். பெயருக்கு நேரே எத்தனை சுற்று குறைவு என்று மட்டும் போடுவார்கள். ஐந்து சுற்றையும் தாக்குப்பிடித்து ஆறாவதற்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் யாரும் வெளியேற்ற முடியாது, நேரம் பதிவாகும். ராட்காவுக்கு முப்பத்து நான்கு வயது. விடிகாலையிலிருந்து பால் பண்ணையில் பால் பரிசோதிக்கும் வேலை, மதியத்துக்குமேல் காட்டில் சைக்கிள். அணி கிடையாது, மெக்கானிக் கிடையாது. பந்தயம் நடத்தும் நாட்டுக்கு உபரியாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்றைப் பிடித்து, கடைசி வரிசையில் நின்று, நான்கு வருடம் ஓட்டினாள். ஒரு தடவைகூட ஆறு சுற்றும் ஓடவில்லை.

இந்த வருடம் பந்தயத்துக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, இதுதான் கடைசி. முட்டி ரெண்டும் போச்சு. என் பேருக்கு நேரா ஒரே ஒரு தடவை நேரம்னு ஒண்ணு எழுதணும், அவ்வளவுதான். நீ தயவுபண்ணி வீட்டுல உக்காந்து டிவில பாரு."

"ஏன், இங்க டிவிப்பெட்டியைத் தள்ளவா?"

அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் உட்காரவும் விடவில்லை. பந்தயப் பாதையைக் காவல் காப்பது எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை. எல்லாரும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள்தான், நானும் அதில் ஒருவன். தலைவர் யின்ட்ரிஹ் என்னை மேய்ச்சல் நிலத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பினார். "மழை பேஞ்சு கிடக்கு, கார் எல்லாம் மாட்டும். ஆசை தீர அங்க தள்ளு" என்றார். பத்தொன்பது கார் தள்ளினேன். பெண்கள் பந்தயம் தொடங்கும் நேரத்தில் காட்டுப்பன்றி மேட்டில் காவல் நின்றவன் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். கைவசம் இருந்த ஒரே ஆள் நான். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்ட தலைவர், ஒரு கையில் மஞ்சள் கொடியையும் மறு கையில் விசிலையும் திணித்தார்.

"ரெண்டு கையும் நிறைஞ்சே இருக்கட்டும். புரியுதா?"

"புரியுது தலைவரே. மூக்கு அரிச்சா நீங்க வந்து சொறிஞ்சு விடுங்க."

முதல் சுற்றில் என்னை அங்கே பார்த்ததும், "அட கடவுளே, நீயா!" என்று கத்திக்கொண்டே ராட்கா மேலேறிப் போனாள். சுற்றி நின்ற கூட்டம் ஆபத்தில்லாமல் சங்கிலியைக் கழற்றிவிட்ட மரமறுக்கும் மோட்டார் ரம்பங்களை உறுமவிட்டு ஆரவாரம் செய்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். விளாஸ்டா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். தலைவர் கையில் கடுகுச் சட்னி வழியும் தொத்திறைச்சியோடு நின்றார். இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் ராட்கா பின்தங்கிக்கொண்டே வந்தாள், ஆனால் வந்தாள்.

ஐந்தாவது சுற்றில்தான் எல்லாம் இருந்தது. முதலில் போன ஸ்விட்சர்லாந்துக்காரி என்னைக் கடந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு அவளுக்குப் பின்னால் வர அனுமதித்த கெடு பத்தே முக்கால் நிமிடம். மேட்டிலிருந்து சுற்று முடியும் கோடு வரை இறக்கம்தான், அங்கே என் தங்கை அதிகம் விட்டுக்கொடுக்க மாட்டாள். ராட்கா மேட்டடியில் தெரிந்தபோது ஒன்பது நிமிடம் ஓடியிருந்தது. போதும், தாராளமாகப் போதும் என்று நினைத்தேன். என் கண்ணே பட்டுவிட்டது போல. என்னைத் தாண்டி நாலடி ஏறியதும் ஈர வேரில் முன்சக்கரம் வழுக்கி, அவள் ஒரு பக்கம் விழ, சைக்கிள் சறுக்கிக்கொண்டு வந்து என் காலில் மோதியது.

ரம்பங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் எழ முயன்று, தொடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி விழுந்தாள். தசை பிடித்துக்கொண்டுவிட்டது. "ஐயோ" என்று அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அவ்வளவுதான், பாதையோரக் கயிற்றுக்கு மேலே கைகள் நீள ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு இல்லை, மொத்த ஊரின் கையும். ஒரு வருடமாக என்னைக் கேலி செய்த அதே கைகள்!

கொடியையும் விசிலையும் கீழே போட்டுவிட்டு, ராட்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"எவனாவது தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்!"

"அவ அழறாடா! நீ மனுசனா கல்லா?" என்று விளாஸ்டா என்னை இடித்துக்கொண்டு வந்தாள்.

"கல்லுதான்க்கா. பின்னால போ!"

தலைவர் கயிற்றைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். அவருக்கே தெரியாமல்தான் வைத்திருப்பார், எனக்குத் தெரியாதா அந்த வியாதி. அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து ஒரு தள்ளு. தொத்திறைச்சியோடு சேற்றில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் கையைப் பின்னால கட்டுங்க! கட்டுங்கடா!"

கட்டினார்கள். அறுபது வயது ஆட்கள்கூடப் பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உதட்டைக் கடித்து நின்றார்கள். கையைக் கட்டிப்போடுவது எங்கள் ஊர்க்காரனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் இந்தக் கை சும்மா இருக்காது. அதனால் அவர்கள் முகங்களைத்தான் பார்த்தேன். எல்லார் கண்ணும் தரையில் இருந்தது. பிறகு அந்தக் கண்கள் மெல்ல என் பக்கமாக நகர்ந்தன. தவழ்ந்து சைக்கிளை எடுக்க வருகிறாள் என்று புரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் மூச்சிரைப்பு.

"அண்ணா."

"பேசாதே, எழுந்திரு."

"காலை எடுடா எருமை. சக்கரத்து மேல நிக்கறே."

நெருப்பை மிதித்தவன்போல் துள்ளினேன். ஒரு முனகல், ஒரு கெட்ட வார்த்தை, சங்கிலி பல்லில் விழும் சத்தம். விளாஸ்டாவின் முகவாய் ஒரு விரல் அளவு உயர்ந்தது. மற்றவர்களுடையதும் உயர்ந்தது. முகங்கள் எல்லாம் மேட்டோடு சேர்ந்து மேலே, மேலே போய், கடைசியில் வானத்தைப் பார்த்தன. அப்புறம் அவர்கள் போட்ட கூச்சலில்தான் எனக்கு உயிர் வந்தது.

கோட்டில் நின்றவன் தலைவரின் வாக்கி-டாக்கியில் சொன்னான்: ஒன்பது விநாடி மிச்சம். ஆறாவது சுற்றுக்குள் போய்விட்டாள். அதையும் முடித்தாள், ஐம்பத்தொன்றாவது இடம். நேரம் பதிவானவர்களில் அவள்தான் கடைசி.

தீயணைப்பு வண்டியின் குழாயில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன். சேற்றுக்கு நடுவில் கண் மட்டும் தெரிந்தது. கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன், அவள் குழாயை மூடினாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். போன வருஷம் நீ தள்ளாம இருந்திருந்தாலும் பின்தங்கிட்டேன்னு என்னை வெளியே எடுத்திருப்பாங்க. நான் மேட்டடிக்கு வரும்போதே ஒலிபெருக்கியில அறிவிப்பாளர் சொன்னார், நம்ம ஊர் ராட்கா இந்தச் சுத்தோட சரின்னு. நீங்க எல்லாரும் ரம்பத்தைப் போட்டுக்கிட்டு இருந்தீங்க, கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு."

"என்னடி சொல்றே? ஒரு வருஷம்! ஒரு வருஷம் அந்தக் கடையில நான்..."

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா?"

"நாலாவது தடவையும் நானேதான் தோத்தேன்னு ஒத்துக்கிட்டிருந்தா அன்னிக்கே சைக்கிளை விட்டிருப்பேண்ணா. அண்ணன் கெடுத்துட்டான்னு சொல்லிச் சொல்லித்தான் மறுபடியும் சைக்கிள்ல ஏறினேன். நீ ஒரு நாளாவது திருப்பிக் கேட்டிருந்தா, உண்மையைச் சொல்லிட்டு விட்டிருப்பேன். நீ கேக்கவே இல்லையே."

அவள் கண்ணிலிருந்து வழிந்தது சேற்றில் இரண்டு கோடு போட்டது. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், வரவே இல்லை. அந்த நான்கு விநாடியை நினைத்து ஒரு வருடம் தூக்கம் கெட்டிருந்தவன் நான். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

"நன்றிம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"இன்னிக்கு ஜெயிச்ச பிறகு இதை நீ சொல்லியே இருக்க வேண்டியதில்ல. ஆனாலும் சொன்னியே."