மிச்சம் வெச்ச வலி

பிரசவ வார்டுல எனக்குப் பதினெட்டு வருஷம். கோவக்கார சிஸ்டர்னுதான் பேரு. ஷைனின்னு வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடறது பொம்மிடியில இருக்கற எங்கம்மா மட்டுந்தான். இருக்கட்டும். அப்படிப்பட்ட நானே ஒருநாள் மத்தியானம் ஒருத்திகிட்ட பாடம் படிச்சேன்.

அவ பேரு சசிகலா, காரிமங்கலம் பக்கம். சொந்தக் காட்டுல ராகி போடற குடும்பம். இது ரெண்டாவது பிரசவம். மொதக் குழந்தை பொறந்தும் அழவேயில்ல, அப்படியே போயிடுச்சு. கட்டில்ல ஏறுனதுமே என் கையைப் புடிச்சா.

"வலி குறைய ஊசி இருக்குதாமே சிஸ்டர். போன தடவை பட்டது போதுங்க. ஆனா இந்தப் புள்ள அழணும்."

ரெண்டும் வேணுமாம். கேக்கறதுல என்ன தப்பு?

டாக்டர் மாதவராஜ் பொறுமையான மனுஷன். நரம்புல போடற மருந்து ஒவ்வொண்ணையும் அவளுக்குச் சொன்னாரு. பாராசிட்டமால் ட்ரிப் சாதுவானது, ஆனா இந்த வலிக்கு அது எந்த மூலைக்கு? ட்ரமடால் கொஞ்சம் கேக்கும், வாந்தி வரும். பெத்திடின் போட்டா அம்மா அசந்துடுவா. ஆனா போட்ட ரெண்டு மூணு மணி நேரத்துல புள்ள பொறந்தா, அதுவும் அசந்தே பொறக்கும், மூச்சு விட யோசிக்கும். ஃபென்டனில் சட்டுனு கேக்கும், சட்டுனு இறங்கிடும், ஆனா ஒரு நர்ஸ் பக்கத்துலயே உக்காந்து மூச்சைப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

"பத்துக்கு எத்தனை வலிம்மா?"ன்னு கேட்டாரு.

"நாலுங்க."

ஒரு மணி நேரம் முந்திப் பாத்தப்ப கருப்பை வாய் நாலு சென்டிமீட்டர்தான் திறந்திருந்துச்சு. வலியும் நாலுங்கறா. பொறக்க இன்னும் அஞ்சாறு மணி நேரம் ஆகும், பெத்திடினே போடலாம்னு எழுதிட்டாரு. நானும் சிரிஞ்சுல ஏத்திட்டேன்.

போடப் போறப்ப அவ காலைப் பாத்தேன். பத்து வெரலும் உள்ள மடங்கிக் கெடக்குது. உதட்டுல பல்லுப் பட்டு ரத்தம். நாலு வலிக்கு எவளுக்கு இப்படி மடங்கும்?

"ஏம்மா, நெசமா நாலுதானா?"

"இன்னும் பெருசு வருமில்லைங்க. இப்பவே பத்துன்னுட்டா அப்புறம் சொல்ல என்ன இருக்கு? மிச்சம் வெச்சிருக்கேன்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எடுத்து வெக்க இது என்ன வெதை ராகியாடி?"ன்னு கத்திட்டு, கையுறை போட்டுப் பாத்தா எட்டு சென்டிமீட்டர். டாக்டரைக் கூப்பிட்டேன். "இன்னும் ஒரு மணி நேரத்துல பொறந்துடுமே"ன்னு பதறுனாரு. பெத்திடினைக் கீழ வெச்சோம்.

ஃபென்டனில், அதுவும் கொஞ்சமா. புள்ளைக்கு மூச்சுக் குடுக்கற பையையும் முகமூடியையும் ரெடியா எடுத்து வெச்சாரு. நான் ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன். ரெண்டு மூணு நிமிஷத்துல மடங்குன வெரலெல்லாம் ஒவ்வொண்ணா விரிஞ்சுது.

"போயிடுச்சா?"

"போகலைங்க. இருக்குது. ஆனா பக்கத்து வூட்ல இருக்கற மாதிரி இருக்குது."

எத்தனை பேருக்கு ஊசி போட்டிருக்கேன், மருந்து உள்ள என்ன பண்ணுதுன்னு இப்படி ஒருத்தி சொல்லிக் கேட்டதில்ல.

முக்கா மணி நேரத்துல மருந்து இறங்கி, வலி திரும்ப அவ வூட்டுக்கே வந்துடுச்சு. முக்குனா. பொண்ணு பொறந்துச்சு. சத்தமே இல்ல. டாக்டர் துணியால முதுகைத் தேய்ச்சாரு. சசிகலா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. என் கை அந்தப் பையை எடுக்கப் போச்சு.

அப்ப அழுதுச்சு பாருங்க, வார்டே ரெண்டாப் போற மாதிரி. எத்தனையோ ஆயிரம் அழுகை கேட்ட காது இது, இருந்தும் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. இத்தனூண்டு நெஞ்சுக்குள்ள அவ்வளவு காத்து எங்கிருந்து வருதுன்னு இன்னைக்கும் எனக்குப் புரியல.

கேஸ் ஷீட்ல வலி எத்தனைன்னு எழுதணும். "இப்ப எத்தனைடி?"ன்னேன்.

புள்ளையை நெஞ்சுல போட்டுக்கிட்டு அது கத்தறதையே கேட்டுக்கிட்டிருந்தா.

"பத்துங்க சிஸ்டர்."

நான் கேட்டது வலியை, அவ சொன்னது அழுகையை.

"எதையும் மிச்சம் வெக்காம அழுவுது பாருங்க"ன்னா.