வலது கன்னம்

மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோது மரகதத்துக்கு வயது ஐம்பத்தைந்து. அவள் கணவர் இராஜமாணிக்கம் பொம்மசந்திராவில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். ஆம்பூர்ப் பக்கமிருந்து வந்து மர்பி டவுனில் வாடகைக்குக் குடியேறியவர்கள், அதே வீட்டிலேயே மகள் வித்யாலட்சுமியை வளர்த்து, கல்யாணம் செய்து புனேவுக்கு அனுப்பிவிட்டார்கள். இராஜமாணிக்கம் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப மாலையாகிவிடும். அதுவரை மரகதத்தைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு ஜோசஃபின். வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைப்பவள். தையல் மெஷினையே இவர்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

முதல் இரண்டு வருடம் சமாளிக்கும்படிதான் இருந்தது. அடுப்பை அணைக்க மறப்பாள், குளித்துவிட்டு மறுபடி குளிக்கப் போவாள். பிறகு 2002-ல் மழை தொடங்கிய சமயம் புதிதாக ஒரு பயம் வந்தது. பின்னறையில் யாரோ ஆட்கள் இருக்கிறார்கள் என்று இருட்டியதும் அலற ஆரம்பித்தாள். இராஜமாணிக்கம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் அனந்தபத்மநாபன் அவளிடம் நெடுநேரம் பேசிப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார்.

"ராத்திரி பாதி மாத்திரை மட்டும். இது மறதிக்கு இல்ல, அந்தப் பயத்துக்கு. ரொம்ப நாள் குடுக்கற மருந்தும் இல்ல. ஒரு மாசத்துல கூட்டிட்டு வாங்க, இன்னும் தேவையான்னு பாப்போம்."

பாதி மாத்திரைக்கே பயம் தணிந்தது. மாதம் முடிந்தபோது கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் போகலாம் என்று நினைத்தார். மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டினால் மாத்திரை கிடைத்தது. அந்த மாதமும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று.

தீபாவளி கழிந்த பிறகு மரகதம் சாப்பிட மறுத்தாள். தட்டைக் கையால் தள்ளினாள். வாயில் ஊட்டினால் துப்பினாள். ஒருநாள் மாலை அவர் வீட்டுக்குள் நுழையும்போதே ஜோசஃபின் கையைக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே பல் பதிந்து கன்றியிருந்தது.

"சாதம் ஊட்டப் போனேன்ணா. அக்கா கடிச்சிட்டாங்க. என்மேல என்ன கோவமோ தெரியல."

"வலிக்குதாம்மா?"

"அது பரவால்ல. ஆனா எனக்கு பயமா இருக்குண்ணா. நாளைக்கு அவங்க என்னைத் தள்ளி, நான் விழுந்துட்டா?"

ஜோசஃபின் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் வேலைக்குப் போக முடியாது. இராஜமாணிக்கம் அன்று இரவு பாதிக்குப் பதில் முழு மாத்திரை கொடுத்தார். இரண்டு நாள் பார்த்துவிட்டுக் காலையிலும் ஒன்று கொடுக்க ஆரம்பித்தார். யாரையும் கேட்கவில்லை. டாக்டர் கொடுத்த மருந்துதானே, கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது.

வீடு அமைதியானது. உட்கார வைத்த நாற்காலியில் மரகதம் அப்படியே இருந்தாள். வாயைத் திற என்றால் திறந்தாள். கஞ்சியை விழுங்கினாள். மூக்கொழுகிய நாட்களில் ஜோசஃபின் கடையில் வாங்கிய சளி மாத்திரையும் கொடுத்தாள். அதில் அவள் இன்னும் நன்றாகத் தூங்கினாள். புனேவிலிருந்து மகள் போன் செய்தபோது, "அம்மா இப்ப சத்தமே போடறதில்ல, நீ கவலப்படாத" என்று சொன்னார். சொல்லும்போது அவருக்கே நிம்மதியாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு செய்தித்தாளை முழுதாகப் படித்தார்.

ஆனால் அந்த அமைதி மெல்ல வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. மரகதம் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தாள். உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். கடைவாயில் எச்சில் வழிந்தது. நோய் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறை வாசலில் தடுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்தவள் அழவும் இல்லை, அவரைக் கூப்பிடவும் இல்லை. தரையில் கிடந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

தூக்கி உட்கார வைத்து, ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தார். நெற்றி, இடது கன்னம், மோவாய். வலது கன்னத்தில் துண்டு அழுந்தியதும் மரகதத்தின் உடம்பு முழுக்க ஒரு துடிப்பு ஓடியது. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கண்கள் விரிந்தன.

அவர் துண்டை வைத்துவிட்டு, விரல் நுனியால் மெதுவாக அதே இடத்தைத் தொட்டார். மறுபடி இழுத்துக்கொண்டாள். இந்த முறை தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு முனகல் வந்தது.

"மரகதம், அங்க வலிக்குதா?"

அவள் கண்ணோரத்தில் நீர் சேர்ந்துவிட்டது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த மாத்திரை அத்தனையையும், சளி மாத்திரை உட்பட, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். ஜோசஃபினும் துணைக்கு வந்தாள். ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் மரகதம் சாய்ந்து சாய்ந்து வந்தாள்.

டாக்டர் அனந்தபத்மநாபன் அவள் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். துருப்பிடித்த கீல் போல அது விட்டு விட்டு மடங்கியது.

"நான் எழுதினது பாதி மாத்திரை. இவ்வளவு இறுக்கம் வராதே. யாரு கூட்டினது?"

"நாந்தான் சார்" என்றார் இராஜமாணிக்கம். "சாப்பாட்டத் தட்டி விட்டாங்க, இந்தம்மாவக் கடிச்சிட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"ஒரு மாசத்துல வரச் சொன்னேன்."

"லீவு கிடைக்கல சார்."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ பையிலிருந்ததை மேசையில் கொட்டிப் பார்த்தார். சளி மாத்திரையை மட்டும் தனியே நகர்த்தி வைத்தார். "இதுவும் மந்தத்தையும் குழப்பத்தையும் அதிகமாக்கும். இனிமே இது வேணாம்." பிறகு டார்ச் லைட்டை எடுத்து, மரகதத்தின் மோவாயை மெல்லப் பிடித்து வாயைத் திறக்கச் செய்தார். கொஞ்ச நேரம் பார்த்தவர், "நீங்களே வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

வலது பக்கம் கீழே, கடைசிக் கடவாய்ப் பல் கறுத்துப் பாதி கரைந்திருந்தது. ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

"இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. பல நாளா இந்த வலியோடதான் இருந்திருக்காங்க. பல்லு வலிக்குதுன்னு சொல்ற அளவுக்கு அவங்ககிட்ட பேச்சு இல்ல. அதனால தட்டத் தள்ளியிருக்காங்க, கடிச்சிருக்காங்க. கையால சொல்லிப் பாத்தாங்க. நாம மருந்தக் குடுத்து அந்தக் கையையும் கட்டிட்டோம்."

ஜோசஃபின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இராஜமாணிக்கம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "இன்னியோட இந்த மாத்திரையே வேணாம் சார், தூக்கிப் போட்டுடறேன்" என்றார்.

"அதுவும் தப்பு. எடுத்த எடுப்புல நிறுத்தக் கூடாது. காலை மாத்திரைய இன்னியிலிருந்து விட்டுடுங்க. ராத்திரி பழையபடி பாதி. ரெண்டு வாரத்துல நான் பாத்துட்டு மேல சொல்றேன். என்னைக் கேக்காம கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். லீவு கிடைக்கலன்னா போனாவது பண்ணுங்க."

பல் டாக்டர் அடுத்த கட்டடத்தில் இருந்தார். முதலில் சீழ் வற்ற மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் பல்லைப் பிடுங்கினார். அன்று அங்கே காத்திருந்தபோது ஜோசஃபின் சொன்னாள்: "என்னைப் பிடிக்காமத்தான் கடிச்சாங்கன்னு நெனச்சேன்ணா. மனசுக்குள்ள அவங்கமேல கோவமா இருந்தேன்."

"நானும் அப்படித்தாம்மா. இத்தன வருசம் கழிச்சு என் கையால சாப்பிட மாட்டேங்கறாளேன்னு."



இறுக்கம் உடனே போகவில்லை. இரண்டு வாரத்தில் சாய்வது குறைந்தது. பொங்கலுக்கு மகள் வந்திருந்தபோது மரகதம் காலைத் தூக்கி வைத்து நடந்தாள். மாசி மாதத்தில் டாக்டர் அந்தப் பாதி மாத்திரையையும் படிப்படியாக நிறுத்தினார். பயம் திரும்பினால் என்ன செய்வது என்று இராஜமாணிக்கம் கேட்டதற்கு, "மொதல்ல காய்ச்சல் இருக்கா, வயிறு போகுதா, எங்கயாவது வலிக்குதான்னு பாருங்க. பசியான்னு பாருங்க. அப்பறம் எனக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

பயம் திரும்பத்தான் செய்தது. ஒரு மாலை, பின்னறையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மரகதம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தை, வயிற்றை அழுத்திப் பார்த்தார். எல்லா விளக்கையும் போட்டு, அவள் கையைப் பிடித்தபடி பின்னறைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்க."

"சாப்ட்டாங்களா?"

"இல்லியே."

"வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோடவா அனுப்புவீங்க? என்னா மனுசன் நீங்க!" என்று திட்டினாள். அவர் சிரித்துவிட்டார். அவள் தன் வாயால் அவரைத் திட்டி எத்தனையோ மாதமாகியிருந்தது.

மறதி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. சில நாள் அவரை அண்ணன் என்று நினைத்துப் பேசினாள். சில நாள் ஜோசஃபினை வீட்டை விட்டுப் போகச் சொன்னாள். ஜோசஃபின் வெளியே போய், கொஞ்ச நேரத்தில் புதிதாக வருவதுபோல் உள்ளே வந்து உட்கார்ந்து தைப்பாள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்க பஸ்ஸிலேயே போய் வந்தார்கள். திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மரகதம், அல்சூரில் பஸ் மெதுவாக ஊர்ந்தபோது கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். தமிழில் இருந்ததையும் படித்தாள், கன்னடத்தில் இருந்ததையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இறங்க வேண்டிய இடம் வந்தபோது அவள் ஒரு பாத்திரக்கடைப் பலகையின் பாதியில் இருந்தாள். இராஜமாணிக்கம் எழுந்திருக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.