கம்பெனி பஸ் வராத ஞாயிறு

திண்டிவனம் வட்டாரத்து வல்லத்துக்குப் பக்கத்தில் பத்மாம்பாளின் மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை முற்றிவிட்டது. ஒரு மழை விழுந்தால் போதும், வேர்க்கடலையெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிடுங்கத்தான் ஆள் இல்லை.

ஆளெல்லாம் திண்டிவனம் பக்கம் வந்திருக்கும் தைவான்காரனின் ஷூ கம்பெனியில் இருந்தார்கள். சீனாவில் தொழில் நடத்தியவனாம். அங்கே கூலி ஏறிவிட்டது. இங்கே நிலம் மலிவு, சென்னைத் துறைமுகத்துக்கு நேர் ரோடு, வேலைக்குப் பெண்கள். வந்துவிட்டான். விடிந்தால் கம்பெனி பஸ் ஊருக்குள் நுழைந்து, களை எடுத்த கைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது. வீடுகளுக்கு மாசச் சம்பளம் வந்தது, நல்லதுதான். கொல்லைக்காரர்கள் பாடுதான் பேஜாராகிவிட்டது.

கணவர் ரிஷபநாதன் நயினார், அடுத்த பட்டத்துக்குச் சவுக்கு நட்டுவிடலாம், அதற்கு ஆளே வேண்டாம் என்றார். சோறு போட்ட நிலத்தில் விறகு வளர்க்கத் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, பத்மாம்பாள் நேரே செபஸ்தியம்மாள் வீட்டுக்கு நடந்தாள். முன்பெல்லாம் அறுவடைக்கு ஆள் கூட்டி வந்தவள் அவள்தான். இப்போது கம்பெனியில் ஷூவுக்குப் பசை தடவுகிறாள்.

கூலியைக் கூட்டித் தருவதாகப் பத்மாம்பாள் சொன்னாள். செபஸ்தியம்மாள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சிக்கினு எல்லாரையும் இட்டுக்கினு வர்றேன், நயினாரம்மா. ஆனா அங்க ஒரு கக்கூஸ் வேணும்."

"கொல்லையிலயா?"

"கம்பெனியில இருக்குதுங்க. தாகம் எடுத்தா தண்ணி குடிக்கிறோம். உங்க கொல்லையில பொழுது சாயுற வரைக்கும் ஒரு வாய் குடிச்சதில்ல. ஒதுங்க எடமில்லன்னு பயந்துக்கினுதான்."

பத்மாம்பாளுக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் வாய் திறக்காதவள், வெளிநாட்டுக்காரன் வந்த பிறகா கேட்க வேண்டும்? வழியெல்லாம் பொருமினாள். பொருமியபடியே கொத்தனாருக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை வானம் மூட்டம் போட்டது. குழி தோண்டி, உறை இறக்கி, தகரம் அடிக்கும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. ஊர் சிரிக்கும் என்றார் ரிஷபநாதன். சிரிக்கட்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் வந்து இறங்கினார்கள். பத்மாம்பாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். உச்சிப்பொழுது தாண்டும்போது முக்கால் கொல்லை முடிந்திருந்தது. மழை இன்னும் வரவில்லை.

செபஸ்தியம்மாள் தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு நீட்டினாள். பத்மாம்பாள் வழக்கம்போல வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. சொந்தக் கொல்லையில் அவளும் ஒரு நாளும் தண்ணீர் குடித்ததில்லை.

"குடு இப்படி" என்று செம்பை வாங்கிக் காலி செய்தாள்.