அணைச்சது ஞாபகம் இருக்கா?

சலவைக் கடை எரிந்து கரிக்கட்டையானதும் எல்லார் பார்வையும் இஸ்திரிக்காரர் மேல் திரும்பியது. அன்று கடைசியாகக் கடையைப் பூட்டியவர் அவர்தான்.

விசாரணை அறையில் இன்ஸ்பெக்டர் கையை ஓங்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொல்லலண்ணே. இஸ்திரிப் பெட்டிய அணைக்க மறந்திருக்கலாம்ல?”

“அணைச்சேன் சார்.”

“அன்னைக்கு அணைச்சது ஞாபகம் இருக்கா? இல்ல, தினமும் அணைக்கிறது ஞாபகம் இருக்கா?”

இஸ்திரிக்காரர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருஷக்கணக்காக ஒரே ஸ்விட்சைத் தட்டிய கை. அதில் அன்றைக்குத் தட்டியதை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

காலையில் உட்கார்ந்தவர்கள் சாயங்காலமும் அங்கேயே இருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சலிப்பே தட்டவில்லை. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற மனுஷரிடம் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்க இஸ்திரிக்காரருக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

“மறந்துதான் போயிட்டேன் போல” என்றார்.

“சூடா இருந்த பெட்டிய எங்க வெச்சீங்க?”

“மேசை மேல.”

“நல்லா யோசிங்க. ஜன்னல் பக்கம்தானே முதல்ல பத்திக்கிச்சு?”

“அப்ப ஜன்னல் பக்கம்.”

சொன்னதும் கண்ணுக்குள் படமே ஓடியது: ஜன்னலோரம் துணிக் குவியல், மேலே பெட்டி, மெல்லக் கிளம்பும் புகை. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குலுங்கி அழுதார்.

மறுநாள் தீயணைப்பு அதிகாரி, கரிக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒயர் கைப்பிடியைச் சுற்றியபடியே உருகி ஒட்டியிருந்தது. பிளக்கும் அந்தச் சுற்றுக்குள்ளேயே இருந்தது.

“பிளக்கே சொருகாத பெட்டி எப்படிச் சுடும்? தீ கெளம்புனது ஜன்னலுக்கு வெளிய இருந்த மீட்டர்ல.”

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “நீங்க கெளம்பலாம்ணே.”

இஸ்திரிக்காரர் எழுந்திருக்கவில்லை. “நல்லாப் பாத்தீங்களா சார்? எனக்கு அந்தப் புகைகூட ஞாபகம் இருக்கே.”

வாசலில் காத்திருந்த மனைவி பிடித்துக்கொண்டாள். “செய்யாதத எதுக்குங்க செஞ்சேன்னு சொன்னீங்க?”

“அவரு அவ்வளவு பொறுமையாக் கேட்டாரு. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு.”

அவருக்கு வேறு கடையில் வேலை கிடைத்தது. பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. “பால் பொங்கி வழிஞ்சிருக்கே, யாரு அடுப்பப் பாத்துக்கிட்டது?” என்று மனைவி மகளை அதட்டினால், அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறவர், “நானாத்தான் இருக்கும்” என்பார்.

மகளுக்கு இது ரொம்ப வசதியாகிவிட்டது.