தலை நுழையாக் கழுத்து

மார்கழித் திங்களின் மாலைக் கதிரவன் மேற்கு மலைத்தொடரின் பின்னே பொன்னுருகிச் சாய, இந்திராயணி ஆற்றினின்று எழுந்த வெண்பனி படைக்கலக் கிடங்கின் நெடுமதிலைத் தழுவி, ஊழியர் குடியிருப்பின் கூரைகளின்மீது துகில் விரித்தாற்போல் மெல்லப் படிய, புனேயிலிருந்து வந்த மின்தொடர்வண்டி தேகு ரோட்டு நிலையத்தில் மாந்தரை உதிர்த்துவிட்டு மலையடி நோக்கி ஊதிச் செல்லும் வேளை அது. வீடுகள்தோறும் விளக்குகள் மலர்ந்தன. ஒரு வீடு மட்டும் இருண்டு கிடந்தது.

நற்றமிழ் நயப்பீர், அவ்வீட்டுக்குரியவன் பக்தவத்சலம், கிடங்கின் கணக்கர்களுள் ஒருவன், கற்றவன், இளையவன். சென்ற மழைக்காலத்துக் காய்ச்சலொன்று அவன் மனைவி சியாமளையைக் கொண்டுபோன நாள்முதல், கேட்டதற்கு ஒரு சொல்லும் கேளாததற்கு மௌனமுமாக, உறைந்த நீர்போல் வாழ்ந்து வந்தான்.

சியாமளை தூத்துக்குடியின் உப்புவெயிலில் பிறந்தவள், கம்பளியாடையை அணிந்தறியாதவள். அடுத்த வீட்டுப் பாத்திமாவிடம் பின்னல் பயின்று, நண்பகல் வெயிலில் அவளருகே அமர்ந்து, கணவனுக்கென நீலக் கம்பளிச் சட்டையொன்றைப் பின்னினாள். தையற்காரர் சட்டைக்கு அளப்பதுபோல் அவன் கழுத்தைச் சுற்றி நூல் பிடித்து, அவ்வளவே இறுக்கிக் கண்ணிகளை முடித்தாள். பொத்தானில்லாத ஆடைக்குள் முதலில் தலை நுழைய வேண்டுமென்பது, தென்கடலோரத்து மங்கைக்குத் தோன்றவில்லை.

அணியப் புகுந்தவன் காதளவில் சிக்கினான். அக்கம்பளி இருளுக்குள் அவள் சிரிப்பு கலகலத்தது.

“என் பின்னல் சரிதான். உங்க தலைதான் பெரிசு.”

“இழுத்துத் தொலையேன்.”

“அப்படியே ஆபீஸுக்குப் போங்க. யாருக்கும் அடையாளம் தெரியாது.” சிரித்துச் சிரித்துத் தரையில் அமர்ந்தவள், அடுத்த குளிருக்குள் கழுத்தைப் பிரித்துத் தளர்த்துவதாகச் சொல்லி அதனைப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த குளிர் வந்தது; அவள் இல்லை. மாலைதோறும் பக்தவத்சலம் அச்சட்டையை எடுத்துக் காதளவு இழுத்துக்கொண்டு அவ்விருளில் நிற்பான். அங்கே அச்சிரிப்பு, பழைய வெம்மை மாறாமல், அவனுக்குக் கேட்டது. வேறெங்கும் கேட்கவில்லை.

அன்றும் அவ்வாறே நின்றான். கிண்ணத்தில் குழம்பேந்தி வந்த பாத்திமா விளக்கைப் போட்டாள்.

“என்ன தம்பி, ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க?”

அவன் அதனைக் கழற்றினான். “கழுத்து சின்னது அக்கா.”

“தெரியும். குளிர் வந்ததும் பிரிச்சுப் பின்னணும், கூட உக்காருங்கன்னு எங்கிட்ட சொல்லி வச்சிருந்தா. குடுங்க.”

“இருக்கட்டும்.”

“ராத்திரியெல்லாம் நீங்க இருமறது செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்குது. பொட்டியில வெக்கவா அந்தப் பொண்ணு கண்ணு வலிக்கப் பின்னினா?”

விடை சொல்ல அவன் வாய் திறந்தான், இருமல்தான் வந்தது. கையிலிருந்த ஆடையை ஒருமுறை தடவி, பின் நீட்டினான். பாத்திமா கழுத்தோரத்து நூல்முடிச்சைத் தேடியெடுத்து, அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அவுக்கட்டுமா?”

அவன் தலையசைத்தான். சியாமளை இறுதியாக இட்ட முடிச்சு நெகிழ்ந்தது. வரிவரியாய்க் கழன்ற நூல், தான் கிடந்த கண்ணிகளின் வளைவுகளை மறவாமல், சுருண்டு சுருண்டு அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

மறுநாள் மாலை பாத்திமா சட்டையைக் கொணர்ந்தாள். அவன் அணிந்தான். கழுத்து இளகி வழிவிட, இருள் சூழுமுன்னரே முகம் விளக்கொளியில் வெளிப்பட்டது. எதிரே பாத்திமா நின்றாள். அவள் பின்னே வெறுஞ்சுவர்.

“பொருந்துதா தம்பி?”

“பொருந்துது அக்கா.”

அவள் சென்றபின் விளக்கை அணைத்தான். கழற்றி மீண்டும் அணிந்தான், மெல்ல, மிக மெல்ல. அப்போதும் தலை எங்கும் சிக்கவில்லை.

நற்றமிழ் நயப்பீர், பிழை தீர்ந்த அவ்வாடை அவன் மார்பைக் காத்தது. இருமலும் நாளடைவில் தணிந்தது. சியாமளை விரும்பியதும் அதுவே. ஆயினும் அப்பிழைக்குள் குடியிருந்த சிரிப்பு, கண்ணிகள் தளர்ந்த அந்நாளில் வெளியேறியது. பின்னர் எந்த மார்கழியிலும் திரும்பவில்லை.